கிரீமா, லிக்விடா? பிளஷும் பிரான்சரும் திட்டு விழாமல் படிய எது உதவும்

கன்னத்துக்குச் சிவப்பு தரும் பிளஷ் திட்டுத்திட்டாக நின்றுவிட்டால், "எனக்குக் கை வரவில்லை" என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கையில் குறை இருப்பதில்லை. தடவிய நிறம் எவ்வளவு நேரம் நகர்ந்து கொடுக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிரீமையும் லிக்விடையும் ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கிரீம் என்பது மெழுகு, எண்ணெய், நிறமி எல்லாம் சேர்ந்த கலவை. தோலின் சூடு பட்டதும் இளகும். சில நிமிடங்கள் வரை விரும்பியபடி நகர்த்தலாம், குறைக்கலாம், திரும்பச் சேர்க்கலாம். லிக்விட் அப்படி இல்லை. அதிலுள்ள நீரோ, விரைவில் ஆவியாகும் சிலிக்கோனோ காற்றில் போய்விட, நிறம் மெல்லிய படலமாகத் தோலைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தேய்த்தால் அது பரவாது, பிய்ந்து வரும். கூடவே அடியில் போட்ட ஃபவுண்டேஷன் என்ற அடிப்பூச்சும் வரும்.

பிளஷைப் பொறுத்தவரை என் ஓட்டு லிக்விடுக்கு. கன்னம் சின்ன இடம், அது காய்வதற்குள் வேலையை முடித்துவிடலாம். எண்ணெய் வழியும் சருமத்தில் அது கிரீமைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் நிறமியின் அடர்த்தியை மதிக்க வேண்டும். ரேர் பியூட்டி நிறுவனத்தின் சாஃப்ட் பிஞ்ச் போன்ற லிக்விட் பிளஷ்களில் ஒரு கன்னத்துக்கு ஒரு சிறு புள்ளியே போதும். மூடியோடு வரும் குச்சியை நேராகக் கன்னத்தில் வைக்காமல், புறங்கையில் தொட்டு அங்கிருந்து எடுப்பது நல்லது. ஒரு கன்னத்தை முழுதாக முடித்த பிறகே மறுகன்னத்தைத் தொடுங்கள். இரண்டிலும் புள்ளி வைத்துவிட்டு ஒன்றைப் பரப்பிக்கொண்டிருந்தால் மற்றது காய்ந்து தடமாகிவிடும். பெனிடின்ட் போலத் தண்ணீராக இருந்து, சாயம்போல் தோலில் ஏறும் டின்டுகள் இன்னும் அவசரக்காரர்கள். அவற்றைப் பவுடரின் மேல் போடவே கூடாது.

வறண்ட சருமம் என்றால் இந்தக் கணக்கு மாறும். உரிந்துகொண்டிருக்கும் இடங்களில் லிக்விட் நிறம் தங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அங்கே கிரீம்தான் கைகொடுக்கும்.

முகத்துக்கு வெயில் பட்டது போன்ற பழுப்புச் சாயல் தரும் பிரான்சரில் எனக்குச் சந்தேகமே இல்லை, கிரீம்தான். நெற்றியின் ஓரம், கன்ன எலும்பின் மேல்பக்கம், தாடை என்று பரப்ப வேண்டிய இடம் பெரிது. லிக்விடில் தாடைக்கு வருவதற்குள் நெற்றியில் வைத்தது காய்ந்து கோடு விழுந்திருக்கும். கையில் இருப்பது லிக்விட் மட்டும்தான் என்றால், ஒரு துளியைப் புறங்கையில் ஃபவுண்டேஷனோடோ மாய்ஸ்சரைசரோடோ கலந்து, பகுதி பகுதியாகப் போடுங்கள். ஸ்டிக் வடிவக் கிரீமை ஃபவுண்டேஷன் மேல் நேரடியாக இழுக்காதீர்கள், அது அடிப்பூச்சை வழித்துக்கொண்டு வரும். பிரஷால் ஸ்டிக்கிலிருந்து எடுத்து முகத்தில் வையுங்கள்.

சரி, எதைக்கொண்டு பரப்புவது? கிரீம் பிளஷுக்கு விரலைவிட நல்ல கருவி இல்லை. விரலின் சூடே அதை இளக்கிவிடும். ஆனால் தேய்க்காமல் ஒத்தி ஒத்தி எடுக்க வேண்டும். லிக்விடுக்கு விரல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நிறம் விரலிலேயே காய ஆரம்பித்துவிடும், விரல்தடமும் விழும். இரண்டு நீள இழைகள் கலந்த டியோ ஃபைபர் பிரஷ் அதற்குப் பொருத்தம், நுனி மட்டும் படும்படி தட்டினால் போதும். பிரான்சருக்குக் கொஞ்சம் அகலமான, அடர்த்தியான பிரஷ் தேவை. எதுவானாலும் செயற்கை இழையே இருக்கட்டும். இயற்கை முடி கிரீமை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் கழுவுவதும் பெரிய பாடு.

ஸ்பாஞ்சைப் பலர் முதல் கருவியாக எடுக்கிறார்கள். எனக்கு அது கடைசிக் கருவி. நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்ச் நிறத்தை உறிஞ்சி மெல்லியதாக்கும். அதனால் ஓரங்களைக் கரைக்கவும், கூடிப்போனதைக் குறைக்கவும் அதைவிடச் சிறந்தது கிடையாது. பிளஷ் அதிகமாகிவிட்டதா? ஃபவுண்டேஷன் போட்ட அதே ஸ்பாஞ்சை மேலே அழுத்தி எடுங்கள். அதில் மிச்சமிருக்கும் ஃபவுண்டேஷன் நிறத்தைத் தணித்துவிடும். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் மட்டும் எல்லாம் கரைந்து ஓடும்.

கிரீமோ லிக்விடோ, அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். பவுடர் போட்ட பிறகு இவற்றைப் போட்டால் எவ்வளவு திறமை இருந்தாலும் திட்டு விழும், ஈரம் பட்ட இடத்தில் பவுடர் கட்டிக்கொள்ளும். சன்ஸ்கிரீனும் மாய்ஸ்சரைசரும் நன்றாகப் படிந்த பிறகே தொடங்குங்கள், இல்லாவிட்டால் அழுக்கு உருட்டுவதுபோல் உருண்டு வரும். ஒப்பனைக் கலைஞர் மேரி ஃபிலிப்ஸ் பரவலாக்கிய அண்டர்பெயின்டிங் முறையில் பிரான்சரும் பிளஷும் முதலில், ஃபவுண்டேஷன் மெல்லியதாக அதன் மேல். கோடு விழுமோ என்று பயப்படுபவர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம். ஓரம் சரியாகக் கரையாவிட்டாலும் மேலே வரும் பூச்சு மறைத்துவிடும். அடிநிறத்தை மட்டும் வழக்கத்தைவிடச் சற்றுத் தூக்கலாக வைக்க வேண்டும்.

நிறத் தேர்வு தவறினால் எவ்வளவு நேர்த்தியாகப் பரப்பியும் பயனில்லை. மாநிறத்திலும் கருநிறத்திலும் வெளிர் பிங்க் பிளஷ் சாம்பல் பூத்தது போலத் தெரிவதற்கு, அதில் அதிகம் கலந்திருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமிதான் பெரும்பாலும் காரணம். பெர்ரி, செங்கல் சிவப்பு, அடர் ஆரஞ்சு ஆகியவை இந்தச் சருமங்களில் அழகாக எழும். புட்டியில் மிரட்டும் நிறம் பரப்பியபின் இயல்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். பிரான்சர் உங்கள் நிறத்தைவிட ஒன்றிரண்டு படி அடர்த்தியாக, செம்பழுப்புச் சாயலில் இருக்கட்டும்.

கிரீமின் பலவீனம் அது நீடிக்காதது. முகம் முழுக்கப் பவுடர் அடித்தால் அதன் பளபளப்பே போய்விடும். அதற்குப் பதிலாக, அதே நிறத்தில் பவுடர் பிளஷை மிகக் கொஞ்சமாக எடுத்து கிரீம் மேல் ஒத்திவிடுங்கள். நிறம் கூடுதல் நேரம் நிற்கும்.