போஸ்ட்கிரெஸ்: கமிட் பண்ணாமல் எழுந்து போகிறவர்களுக்காக

மைசீக்வெல் டேட்டாபேஸை விட்டு இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்கு மாறலாமா என்று நண்பர் கேட்டார். வேகம், இலவசம் எல்லாம் அவருக்கே தெரியும். பில்லிங் வேலைக்குப் பல வருஷமாக இதை ஓட்டுகிறவன் என்பதால், என் ஒரே எரிச்சலைச் சொல்கிறேன்.

யாரோ ஒருவர் பிகின் போட்டு ஒரு டிரான்சாக்‌ஷனை (ஒன்றாக முடியவேண்டிய வேலைத் தொகுப்பு) திறந்து, ஒரு செலக்ட் (டேட்டாவைப் படிக்கும் கட்டளை) ஓட்டிவிட்டு, கமிட் பண்ணி முடிக்காமல் டீ குடிக்கப் போய்விடுவார். படிப்பவர் எழுதுபவரைத் தடுக்கமாட்டார், எம்விசிசி (ஒரே வரியின் பல பதிப்புகளை வைத்துக்கொள்ளும் முறை) அப்படித்தானே? சரிதான். அந்த டேபிளில் ஒரு புது ஃபீல்டு சேர்க்க ஆல்டர் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முழு லாக் வேண்டும், அதாவது அந்த நேரம் வேறு யாரும் டேபிளைத் தொடக்கூடாது. டீக்குப் போனவரின் சின்ன லாக் விடாததால் நின்றுவிடும். அதன் பிறகு வரும் சாதாரண செலக்ட்டும் ஆல்டரைத் தாண்டிப் போக முடியாது. கவுண்டரில் பில் நின்றுபோகும். ஒருவருக்காக ஒருவர் மாறி மாறிக் காத்து நிற்கும் டெட்லாக் என்றால் போஸ்ட்கிரெஸே ஒரு விநாடி பார்த்துவிட்டு யாராவது ஒருவரை வெட்டிவிடும். இது வெறும் காத்திருப்பு, அதனால் கண்டுகொள்ளாது. போகிற போக்கில் அவர் ஓர் அப்டேட்டும் தட்டியிருந்தால் இன்னும் மோசம்: அதற்குப் பின் செத்த பழைய வரிகளை வேக்யூம் என்கிற துப்புரவு வேலையால் அள்ள முடியாது, டேபிள் ஊதிக்கொண்டே போகும்.

மருந்து இல்லாமல் இல்லை. சும்மா திறந்து கிடக்கும் டிரான்சாக்‌ஷனை வெட்டும் டைம்அவுட் 2016-இல் 9.6 பதிப்பிலேயே வந்துவிட்டது. டீஃபால்ட் 0, அதாவது வெட்டவே வெட்டாது. லாக்குக்காகக் காத்திருப்பதற்கு வரம்பு வைக்கும் லாக் டைம்அவுட்டும் 0. 2024-இல் 17-ஆம் பதிப்பில் மொத்த டிரான்சாக்‌ஷனுக்கே ஒரு டைம்அவுட் கொடுத்தார்கள், அதுவும் 0! கேட்காமல் யார் வேலையையும் வெட்டக்கூடாது என்கிற நல்லெண்ணம் புரிகிறது. அந்த நல்லெண்ணத்துக்கு ராத்திரி போனை எடுப்பது யார்?

நியாயமாகச் சொன்னால், மைசீக்வெலிலும் ஆல்டர் இப்படித்தான் நிற்கும். அங்கே அந்தக் காத்திருப்பின் டீஃபால்ட் 31536000 விநாடி, முழுசாக ஒரு வருஷம். ஆல்டர் போட்டதுமே தானாகக் கமிட்டும் ஆகிவிடும். போஸ்ட்கிரெஸில் கமிட்டுக்கு முன் டேபிள் மாற்றத்தையே ரோல்பேக் செய்து பழையபடி ஆக்கலாம். 2011-இல் 9.1-இல் வந்த உண்மையான சீரியலைசபிள் (டிரான்சாக்‌ஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதுபோல் விடை தரும் முறை) அதற்காகப் புதிதாக யாரையும் காக்கவைக்காது. மோதினால் 40001 என்று ஒரு பிழை, திரும்ப ஓட்டினால் முடிந்தது. கணக்கு ஒரு பைசா பிசகியதில்லை.

மாறலாமா என்றால், இந்த வாரம் என்னிடம் கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.