சால்மனுக்காக நிலம்: கிரயமா, ஈஸ்மென்ட்டா, குத்தகையா?

சியாட்டிலுக்குத் தெற்கே ரென்டன் ஊர் நூலகம் சீடர் ஆற்றுக்கு மேலேயே பாலம் மாதிரிக் கட்டப்பட்டிருக்கிறது. அக்டோபரில் அங்கே நின்று குனிந்து பார்த்தால், உடம்பெல்லாம் சிவந்துபோன சாக்கய் சால்மன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிக்கொண்டிருக்கும். எனக்கு உடனே தோன்றுவது, இந்த மீன் போய்ச் சேருகிற கரை யார் பேரில் இருக்கிறது என்பதுதான். ஏனென்றால் சால்மனுக்கு முட்டையிடச் சரளைக்கல் படுகை வேண்டும், குளிர்ந்த தண்ணீர் வேண்டும், நிழலுக்குக் கரையோர மரம் வேண்டும், குஞ்சுகள் வெள்ளத்தில் அடித்துப் போகாமல் ஒதுங்கப் பக்கவாய்க்கால் வேண்டும், கடலுக்குள் இறங்குமுன் தின்று வளரக் கழிமுகச் சேறு வேண்டும். இதில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய வயல், யாரோ ஒருவருடைய வீட்டுக் கொல்லை, ஏதோ ஒரு மரக் கம்பெனியின் காடு.

அதை மீனுக்காகக் கைக்குக் கொண்டுவர அமெரிக்காவின் மேற்குக் கரையில் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. ஒன்று, முழுக் கிரயம். இரண்டு, ஈஸ்மென்ட், அதாவது நிலம் பழைய உரிமையாளரிடமே இருக்கும், அதில் வீடு கட்டுவது, மனை பிரிப்பது போன்ற உரிமைகளை மட்டும் ஓர் அறக்கட்டளையோ அரசோ விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும், அது பெரும்பாலும் நிரந்தரம், நிலம் பிள்ளைகள் கைக்குப் போனாலும் கட்டுப்படுத்தும். மூன்று, குத்தகை. வாஷிங்டன் மாநிலத்தில் 1998 முதல் நடக்கும் ஒரு திட்டத்தில், விவசாயி ஆற்றோரத்தில் ஒரு பட்டையைப் பயிரிடாமல் விட்டு மரம் நட்டால் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு வாடகைப் பணம் வரும்.

எது சிறந்தது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நாளைக்கு ஆறு அந்த நிலத்தை அரித்துத் தின்றால் நஷ்டம் யாருக்கு? பதில் "அங்கே குடியிருக்கிறவருக்கு" என்றால், வெள்ளம் வந்த மறுவாரமே கரையில் பாறாங்கல் கொட்டி ஆற்றைக் கட்டிப்போடத்தான் பார்ப்பார்கள். அதில் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

அதனால்தான் வெள்ளம் பாயும் தாழ்நிலத்துக்கும் கழிமுகத்துக்கும் என் ஓட்டு கிரயத்துக்கு. வாஷிங்டனில் நிஸ்குவாலி ஆற்றின் கழிமுகத்தைப் பாருங்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் பண்ணைக்காக மண்கரை எழுப்பிக் கடல் அலையை வெளியே நிறுத்தியிருந்தார்கள். 1974-ல் அது வனவிலங்குச் சரணாலயமானது, ஆனாலும் கரையை உடைத்து 762 ஏக்கரைக் கடலுக்குத் திறந்துவிட்டது 2009-ல்தான். 35 ஆண்டுகள்! நிலம் பொதுக் கையில் இருந்ததால்தான் அவ்வளவு காலம் பொறுத்திருந்து, பணமும் அனுமதியும் கூடிவந்தபோது உடைக்க முடிந்தது. 15 ஆண்டுக் குத்தகையில் அது நடந்திருக்காது. பக்கத்திலேயே நிஸ்குவாலி பழங்குடியினரும் தங்கள் நிலத்தில் கரைகளை எடுத்துவிட்டார்கள், அது சேர்ந்ததால்தான் கழிமுகம் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே பரப்பாக மீண்டது.

கிரயத்துக்கு விலை பணம் மட்டுமில்லை. சீடர் ஆற்றிலேயே ரெயின்போ பெண்ட் என்ற வளைவில் கிங் கவுண்டி, அதாவது அந்த மாவட்ட நிர்வாகம், ஒரு மொபைல் ஹோம் குடியிருப்பையும் சில தனி வீடுகளையும் வாங்கி, குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்றிய பிறகுதான் வெள்ளத்தடுப்புக் கரையை அகற்றியது. அடிக்கடி வெள்ளம் புகுந்த இடம், சரி. ஆனாலும் வசதி குறைந்த குடும்பங்களை நகர்த்துகிற வேலை அது, இடமாற்ற உதவியைத் திட்டச் செலவின் முதல் வரியாக வைக்காமல் யாரும் இதில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அப்புறம் பராமரிப்பு. வாங்கிவிட்டு வேலி போட்டு விட்டுவிட்டால் இரண்டே வருடத்தில் ஹிமாலயன் பிளாக்பெர்ரி முள் ஆளுயரத்துக்கு மூடிவிடும், நட்ட செடார் கன்று எங்கே என்று தேட வேண்டியதுதான்.

ஈஸ்மென்ட் மலிவு, விவசாயியும் நிலத்திலேயே இருப்பார், கவுண்டிக்கு வரியும் வரும். மேட்டுக்காட்டுக்கும், மனைகளாகச் சிதறிவிடக்கூடிய பண்ணைக்கும் இது நல்ல வழி. ஆனால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீடு கட்டக் கூடாது என்று மட்டும் எழுதினால் மீனுக்கு ஒன்றும் கிடைக்காது. மரம் நட, மீன் ஒதுங்கக் கட்டைகளை ஆற்றில் போட, வெள்ளத்தடுப்புக் கரையைப் பின்னுக்கு நகர்த்த உள்ளே வரும் உரிமையையும் சேர்த்து எழுத வேண்டும். ஸ்காஜிட் கவுண்டியில் 1990களிலிருந்து விளைநிலத்தைக் காக்க வளர்ச்சி உரிமைகளை வாங்கி வருகிறார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் அது காப்பது விவசாயத்தை. ஒரு வயலை என்றைக்கும் வயலாகவே வைத்திருக்க எழுதிய பத்திரம், பின்னாளில் அதே வயலைச் சினூக் என்ற சால்மன் வகையின் குஞ்சுகளுக்கான சேற்று நிலமாக மாற்ற நினைக்கும்போது குறுக்கே நிற்கும். சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியில் கலக்கும் ஆறுகளிலேயே பெரியது ஸ்காஜிட். அங்கே விவசாயிக்கும் மீனுக்கும் நடுவில் இழுபறி ஓயாததற்கு, இரண்டுக்கும் வேண்டியது அதே தாழ்ந்த, வளமான மண் என்பதுதான் காரணம்.

கிரயத்திலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வாங்கிய பிறகு யார் பேரில் வைப்பது? இதற்கு நான் பார்த்ததில் நல்ல பதில் கலிபோர்னியாவின் புளூ கிரீக். கிளாமத் ஆற்றில் கடலிலிருந்து ஏறிவரும் சால்மனுக்கு முதலில் கிடைக்கும் பெரிய குளிர்நீர்ப் புகலிடம் அது. 2002-ல் கீழ்க் கிளாமத்தில் தண்ணீர் குறைந்து, சூடேறி, நெருக்கியடித்த மீன்களுக்குள் நோய் பரவிப் பல்லாயிரம் சால்மன்கள் செத்து மிதந்தன. அந்த ஆற்றில் ஒரு குளிர்ந்த ஓடை என்றால் அது உயிர். வெஸ்டர்ன் ரிவர்ஸ் கன்சர்வன்சி என்ற அமைப்பு மரக் கம்பெனியிடமிருந்து கட்டம் கட்டமாக வாங்கி, சுமார் 47,000 ஏக்கரையும் யூரோக் பழங்குடியினரிடம் சேர்த்தது, 2025-ல் அது முடிந்தது. செலவு 5.6 கோடி டாலர், கடன், வரிச் சலுகை, கார்பன் கிரெடிட் விற்பனை என்று பல இடத்திலிருந்து திரட்டியது. 2024-ல் கிளாமத்தின் மேல்பகுதியில் நான்கு அணைகளும் அகற்றி முடிக்கப்பட்ட சில நாட்களிலேயே சினூக் ஆரிகன் வரை ஏறிப் போனது. ஆனால் வழி திறந்தால் மட்டும் போதாது, போகிற வழியில் இளைப்பாற இப்படி ஓரிடம் வேண்டும். அதை அந்த மீனைத் தலைமுறை தலைமுறையாக நம்பி வாழ்கிறவர்கள் கையில் கொடுத்ததைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

குத்தகையை நான் ஒதுக்கவில்லை. விற்கவும் மாட்டேன், நிரந்தரமாகக் கையெழுத்தும் போட மாட்டேன் என்கிற விவசாயியிடம் போய்ச் சட்டம் பேசிப் பயனில்லை. சின்ன ஓடையாக இருந்தால் ஒரு வரிசை ஆல்டரும் வில்லோவும் பதினைந்து வருடத்தில் நல்ல நிழல் தந்துவிடும். அதோடு, பின்னால் விற்கும்போது முதலில் எங்களிடம் கேளுங்கள் என்று ஒரு வரியை மட்டும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குத்தகை முடிகிற வருடத்தில் அந்த வரிதான் கைகொடுக்கும்.