பத்துப் பேர் வரை ட்ரெல்லோ: குறுவை நடவு வேலைக்கு எவ்வளவு உதவும்?

குறுவை நடவு நேரத்தில் எந்த உழவர் குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்தாலும், "நாளை மிஷின் வலங்கைமானுக்கு" என்ற ஒற்றை வரி நூறு செய்திக்கு அடியில் கிடக்கும். யார் பார்த்தார், யார் பொறுப்பேற்றார் என்பது தெரியாமல் நாற்று ஒரு ஊரிலும் நடவு மிஷின் வேறொரு ஊரிலும் நிற்கும். இந்தக் குழப்பத்துக்கு, வேலைகளைக் கார்டுகளாக எழுதிக் குழுவாகப் பார்த்துக்கொள்ளும் ட்ரெல்லோ செயலி நன்றாகவே கைகொடுக்கிறது. இலவசத் திட்டத்தின் எல்லைகளைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

குழுவின் பொது இடமான ஒர்க்ஸ்பேஸ் ஒன்றில் 10 பேர், 10 போர்டு. போர்டு என்பது ஒரு பலகை; அதில் வேலையின் கட்டங்கள் லிஸ்ட்டுகளாகவும், ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டாகவும் இருக்கும், வேலை நகர நகர கார்டை அடுத்த லிஸ்டுக்கு நகர்த்துவோம். ஒரே ஒரு போர்டைப் பார்க்க விருந்தினராகச் சேர்த்தவரும் அந்தப் பத்துக்குள் வருவார். அதனால் விவசாயிகளை உள்ளே சேர்க்க வேண்டாம். ஒருங்கிணைப்பாளர், நாற்றங்கால் பார்ப்பவர், மிஷின் ஓட்டுநர்கள், கணக்கு எழுதுபவர் போதும். எண்ணிக்கை போதவில்லை என்று ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் பகிர்ந்துகொள்வது பெரிய தவறு. கார்டை யார் நகர்த்தினார், எப்போது நகர்த்தினார் என்ற பதிவுதான் இந்தச் செயலியின் உயிர். பாஸ்வேர்டைப் பகிர்ந்தால் எல்லாம் ஒரே பெயரில் விழும், தவறு நடந்தால் கேட்க ஆள் இருக்காது.

போர்டு தொடங்கும்போது யார் பார்க்கலாம் என்று கேட்கும். 'பப்ளிக்' வைத்தால் கூகுள் தேடலிலும் அகப்படலாம். கார்டில் விவசாயியின் கைபேசி எண், சர்வே எண் எல்லாம் இருக்கும் என்பதால் 'பிரைவேட்' வையுங்கள். ஆள் சேர்க்கும் உரிமையையும் அட்மினுக்கு மட்டும் என்று செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள்.

லிஸ்ட் நான்கு போதும்: பாய் நாற்று (மிஷின் நடவுக்காகப் பாய் போல வளர்க்கும் நாற்று) விட்டது, மிஷின் ஒதுக்கியது, நட்டது, பணம் வந்தது. ஒரு விவசாயிக்கு ஒரு கார்டு. பரப்பு, ரகம் போன்றவற்றுக்குத் தனிக் கட்டம் போடும் வசதி கட்டணத் திட்டத்தில்தான் உண்டு. அதனால் தலைப்பிலேயே "நீடாமங்கலம், 6 மா, ஆடுதுறை 43" என்று எழுதிவிடுங்கள். பிறகு "நீடாமங்கலம்" என்று தேடினால் அந்த ஊர் கார்டுகள் வந்து நிற்கும்.

கெடு தேதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். பாய் நாற்று 15 முதல் 18 நாளுக்குள் வயலுக்குப் போயாக வேண்டும். முற்றினால் வேர் பின்னிக்கொண்டு, மிஷின் பிய்க்கும்போது நாற்று அறுபடும், நடவில் பொக்கை விழும். ஆகவே விதை போட்ட அன்றே 15ஆம் நாளைக் கெடுவாகக் குறித்து, அந்தக் கார்டில் ஒருவரை மெம்பராகச் சேர்க்க வேண்டும். நினைவூட்டல் கார்டில் மெம்பராக இருப்பவருக்கும் அதைப் பின்தொடர்பவருக்கும்தான் போகும். தேதி மட்டும் போட்டு ஆளைச் சேர்க்காவிட்டால் யார் கைபேசியும் மணியடிக்காது. இரண்டு மூன்று பேரைச் சேர்த்தால் அவர் பார்ப்பார், இவர் பார்ப்பார் என்று நாள் ஓடிவிடும். ஒரு கார்டு, ஒரு பொறுப்பாளர். கைபேசியின் பேட்டரி சேமிப்பில் செயலி முடங்கிக் கிடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டுக்குள் செக்லிஸ்ட் போடலாம்: உழவு, பரம்பு, சேறு படிதல், நீர் வடித்தல். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் தனி ஆள், தனித் தேதி குறிப்பது கட்டணத்துக்கு. தகவல் மாறினால் விளக்கப் பகுதியைத் திருத்தாமல் கமெண்டில் எழுதச் சொல்லுங்கள். பெயரும் நேரமும் அதில் தானாக நிற்கும். படம் போடலாம், ஒரு கோப்பு 10 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பதால் வயல் வீடியோ பெரும்பாலும் ஏறாது.

உண்மையான குறை ஒன்று உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தாலும் கால்வாயின் கடைசியான கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாள் முன்னே பின்னே ஆகும். முதல் வயல் மூன்று நாள் தள்ளினால், அதே மிஷின் அடுத்துப் போகவேண்டிய எட்டு வயலும் தள்ளும். ட்ரெல்லோவில் ஒரு தேதியை மாற்றினால் மற்றவை தானாக நகராது. எட்டையும் கையால் மாற்ற வேண்டும். ஒன்றையொன்று சார்ந்த வேலை நிறைய இருந்தால் ஓபன்புராஜெக்ட் என்ற திட்டமிடல் மென்பொருள் சரியாக வரும். அதன் கம்யூனிட்டி பதிப்பு இலவசம், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. சர்வரை அமைத்துப் பராமரிக்கத் தெரிந்தவர் மட்டும் வேண்டும். கணினியில் நிறுவும் கான்ட்புராஜெக்ட் என்ற மென்பொருளும் இலவசம்தான், கோடுகோடாக அட்டவணை அழகாக வரும். ஆனால் கோப்பு ஒரு கணினியில் இருக்கும். மின்னஞ்சலில் அனுப்பி இருவர் தனித்தனியே திருத்தினால் ஒருவர் வேலை காணாமல் போகும்.

ட்ரெல்லோவில் முடிந்த கார்டை ஆர்க்கைவ் செய்யுங்கள் (போர்டிலிருந்து மறைத்துச் சேமித்து வையுங்கள்), டெலிட் வேண்டாம். ஆர்க்கைவ் செய்ததைக் குறுவைக்கு அடுத்த போகமான தாளடிக்கு நாற்று விடும்போது எடுத்துப் பார்க்கலாம், டெலிட் ஆனது திரும்ப வராது. இலவசத் திட்டத்தில் போர்டில் உள்ள எந்த உறுப்பினரும் எந்தக் கார்டையும் ஆர்க்கைவ் செய்ய முடியும். பார்க்க மட்டும் உரிமை தரும் வசதி உயர்ந்த கட்டணத் திட்டத்தில்தான். கார்டு திடீரென்று காணோம் என்றால் மெனுவில் ஆர்க்கைவ் பகுதியை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.