முதல் ஸ்கூபா கருவிகள்: புதுச்சேரிக் கடலில் பயன்படுத்தியபின் ஒரு மதிப்பீடு

புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்னும் அடிப்படை ஸ்கூபா பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களில் பலர், அடுத்த மாதமே முழு செட் கருவிகளையும் சொந்தமாக வாங்கிவிடத் துடிக்கிறார்கள். அந்த ஆசை நியாயமானதுதான். ஆனாலும் மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர், காலில் மாட்டும் துடுப்பான ஃபின் ஆகிய மூன்றை மட்டும் முதலில் வாங்கிக்கொண்டு, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரையும், காற்றேற்றி மிதப்பைக் கட்டுப்படுத்தும் பி.சி.டி. என்னும் மேலங்கியையும் இன்னும் சில காலத்துக்கு டைவிங் மையத்திலிருந்தே வாடகைக்கு எடுப்பதுதான் இந்தக் கரையில் டைவ் செய்பவருக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. அந்த மூன்றையும் நான் இந்த வரிசையில்தான் வாங்கினேன். இப்போதும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

மாஸ்க்கைப் பொறுத்தவரை பிராண்டின் பெயரைவிட உங்கள் முகத்தின் அமைப்பே முக்கியம். ஆகவே அதை இணையத்தில் படம் பார்த்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் பெரும்பாலும், பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் காற்றை உறிஞ்சச் சொல்வார்கள். பலமாக உறிஞ்சினால் பொருந்தாத மாஸ்க்கும் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதால், அந்தச் சோதனை மட்டும் போதாது. தலையை நிமிர்த்தி, மாஸ்க்கை முகத்தின்மேல் சும்மா வைத்து, சிலிக்கான் விளிம்பு நெற்றியிலும் கன்னத்திலும் மேலுதட்டிலும் இடைவெளி இல்லாமல் படிகிறதா என்று உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பாருங்கள். வாய் விரியும்போது கன்னத்தில் விழும் மடிப்பின் வழியாகத்தான் பல மாஸ்க்குகளில் தண்ணீர் கசிகிறது. மீசை வைத்திருப்பவர்கள் மூக்குக்கு நேர் கீழே மெல்லிய கோடாக மழித்துக்கொண்டால் போதும், மீசையை எடுக்க வேண்டியதில்லை. நீண்ட கூந்தல் உள்ளவர்கள் சிலிக்கான் பட்டைக்குப் பதிலாக நியோப்ரீன் பட்டை போட்டுக்கொண்டால் கழற்றும்போது முடி பிடுங்காது.

கண்ணாடி அணிபவர்கள் இரண்டு தனித்தனி வில்லைகள் கொண்ட மாஸ்க்கையே பார்க்க வேண்டும். அந்த வகை மாடல்கள் பலவற்றில்தான் அரை பவர் இடைவெளியில் தயாராகக் கிடைக்கும் வில்லைகளை மாற்றிப் பொருத்த முடியும். விளிம்பு கறுப்பா, நிறமற்றதா என்பது அவரவர் விருப்பம். பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால் புதியவர்களுக்கு மூச்சுமுட்டும் உணர்வு குறைகிறது என்பதால் நான் நிறமற்றதையே சொல்வேன். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையை உட்புறம் வைத்து விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், அதையும் பலமுறை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீருக்குள் இறங்கிய சில நிமிடங்களிலேயே பனி படர்ந்து எதுவும் தெரியாது. லைட்டரால் சுட்டு அந்தப் படலத்தை எரிக்கும் வழக்கமும் உண்டு, ஆனால் சிலிக்கான் கெட்டுவிடும் ஆபத்து இருப்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

கம்ப்யூட்டரை ஏன் இரண்டாவதாகச் சொல்கிறேன் என்றால், வாடகைக் கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. ஆழத்தில் சுவாசிக்கும்போது உடலில் கரைந்து, வேகமாக மேலேறினால் குமிழியாகி ஆபத்தாகும் நைட்ரஜன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அது கணக்கிடுவது, தான் கண்ட டைவ்களை வைத்து மட்டுமே. காலையில் வேறொருவர் கட்டியிருந்த கம்ப்யூட்டரை மதியம் நீங்கள் கட்டினால், அவருடைய நைட்ரஜனை உங்கள் கணக்கில் ஏற்றி, உங்களுக்குரிய நேரத்தைக் குறைத்துக் காட்டும். அதைவிட மோசம், காலையில் ஒன்றும் மதியம் இன்னொன்றுமாகக் கட்டுவது; இரண்டாவது கம்ப்யூட்டர் நீங்கள் அன்று கடலில் இறங்கவே இல்லை என்று நம்பிக்கொண்டு, இல்லாத நேரத்தை இருப்பதாகக் காட்டும். இங்கே டெம்பிள் ரீஃப் என்னும் செயற்கைத் திட்டு சுமார் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது; ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லையும் அதுவே. பாடி (PADI) என்னும் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி, இடையில் கட்டாய நிறுத்தம் இல்லாமல் மேலேற அந்த ஆழத்தில் முதல் டைவுக்கு அனுமதிக்கப்படும் நேரம் 56 நிமிடம், 12 மீட்டரில் 147 நிமிடம். ஆனால் அட்டவணை முழு நேரமும் அதிகபட்ச ஆழத்திலேயே இருந்ததாகக் கொள்கிறது. கம்ப்யூட்டரோ நீங்கள் உண்மையில் எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தீர்கள் என்று தொடர்ந்து கணக்கிடுகிறது.

நான் பயன்படுத்துவது கிரெஸ்ஸி லியோனார்டோ. எண்கள் பெரியவை, வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஆற்று நீர் கலந்து கடல் கலங்கியிருக்கும் நாட்களிலும் கையை முகத்தருகே கொண்டுவந்தால் தெளிவாகப் படிக்க முடிகிறது. மிக வேகமாக மேலேறினால் ஒலி எழுப்பி எச்சரிக்கிறது, 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தைத் தானே எண்ணிக் காட்டுகிறது. ஒரே ஒரு பொத்தான்தான் என்பதால் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) அளவை மாற்ற வேண்டுமானால் பொறுமையாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சாதாரணக் காற்றில் டைவ் செய்யும் புதியவருக்கு இது ஒரு குறையே அல்ல, தண்ணீருக்குள் எதையும் அழுத்த வேண்டிய தேவையும் இல்லை. சி.ஆர். 2430 பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மேல் ஒரு தலைமுடியோ மணல் துகளோ ஒட்டியிருக்கவில்லை என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்தபிறகே மூட வேண்டும். மாரேஸ் பக் ப்ரோவும் ஏறத்தாழ இதே தரத்தில் உள்ளது. சூன்டோ ஜூப் நோவோவில் நான்கு பொத்தான்கள் இருப்பதால் அமைப்புகளை மாற்றுவது எளிது. மூன்றில் எதை வாங்கினாலும் பணம் வீணாகாது.

பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு வந்து டைவ் செய்பவர்களுக்கு ஒரு சொல். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து உடலில் தேங்கிய நைட்ரஜன் குமிழியாகலாம் என்பதால், விமானப் பயணத்துக்கு முன் ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகக் காரில் போனாலும் உடல் அந்த உயரத்துக்கு ஏறத்தான் செய்கிறது. இரண்டு டைவ் முடித்த கையோடு காரில் ஏறாமல் அன்றிரவு தங்கி மறுநாள் புறப்படுங்கள்.

ஃபினில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து படகில் போய்ப் படகிலிருந்தே குதிப்பதால், பாதம் முழுவதும் மூடும் வகை இங்கே போதுமானது. திறந்த குதிகால் வகைக்குத் தனியாக டைவிங் காலணியும் வாங்க வேண்டும். விரல்கள் மடங்காமலும் குதிகால் ஆடாமலும் இருக்க வேண்டும். தகடு மிகக் கடினமாக இருந்தால் புதியவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

இங்குள்ள நீரின் வெப்பம் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி வரை என்பதால் தடித்த வெட்சூட் தேவைப்படாது. ஆனாலும் ஜெல்லி மீன்களை முன்னிட்டு, அரைக்கால் வகையைவிடக் கையும் காலும் மூடிய மெல்லிய முழு உடையே நல்லது. அறுந்த மீன்வலைகள் திட்டுகளில் சிக்கிக் கிடப்பதால், சிறிய வலைவெட்டி ஒன்றை பி.சி.டி.யில் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டிக்கொள்வது இந்தக் கடலில் அவசியம். படகுப் போக்குவரத்து மிகுந்த பகுதி ஆதலால் நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுகளுக்குக் காட்டும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாயும் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்திலும் சிறு படகுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ரெகுலேட்டரை வாங்க வேண்டாம் என்று சொல்வதற்குப் பராமரிப்பே காரணம். சிலிண்டரில் உள்ள சுமார் 200 பார் அழுத்தத்தை முதல் நிலைப் பகுதி ஏறக்குறைய 10 பாருக்குக் குறைக்கிறது. அங்கிருந்து இரண்டாம் நிலைப் பகுதி நாம் சுவாசிக்கத்தக்க அழுத்தத்துக்குக் கொண்டுவருகிறது. இந்த வேலையைச் செய்யும் சிறு ரப்பர் வளையங்களும், வால்வை அடைக்கும் ‘சீட்’ என்னும் பாகங்களும் தேயும், உப்பு படியும். ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனையும், குறிப்பிட்ட இடைவெளியில் உதிரிபாக மாற்றமும், அந்த பிராண்டுக்கென்றே பயிற்சி பெற்ற கையால் நடக்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து எளிதாகப் போய்வரும் தூரத்தில் அப்படியொருவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளாமல் ரெகுலேட்டரை வாங்குவது, அடிக்கடி டைவ் செய்யாத புதியவருக்குச் சுமையாகவே முடியும். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ உறவினர் வாங்கி வருவதாக இருந்தால், உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு எடுப்பதிலும் கவனம் வேண்டும். கருவிகளைப் பூட்டி சிலிண்டரைத் திறந்தபின், அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலைந்து முறை ஆழமாக மூச்சிழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழிறங்கி மீண்டும் ஏறினால் வால்வு முழுமையாகத் திறக்கப்படவில்லை என்று பொருள். சிலிண்டர் நிறைந்திருக்கும் மேற்பரப்பில் காற்று தாராளமாக வருவதுபோல் தோன்றினாலும், ஆழத்தில் அது திணறும். காற்றில் எண்ணெய் வாடை அடித்தால் அந்த சிலிண்டரை ஏற்காதீர்கள். பி.சி.டி.யின் காற்றேற்றும் பொத்தானைப் பலமுறை அழுத்தி விடுங்கள். உப்புப் படிந்து அது அழுந்திய நிலையிலேயே நின்றுவிட்டால் உங்களை விருப்பமில்லாமல் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். அப்படி ஏதேனும் தென்பட்டால் வேறு பி.சி.டி. தரும்படி கேளுங்கள், நல்ல மையத்தில் அதற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.