நேரலை மியூசிக்கல்: ஆளில்லாத செட்டா, மழையில் ஓடும் கேமராவா, கச்சேரி மேடையா?

2013 டிசம்பர் 5 இரவு 8 மணிக்கு அமெரிக்காவின் என்.பி.சி. சேனல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்ற மியூசிக்கலை (பாட்டும் ஆட்டமும் வசனமும் கலந்த மேடை நாடகத்தை) மூன்று மணி நேரம் நேரலையாக நடத்திக் காட்டியது. 1 கோடியே 86 லட்சம் பேர் பார்த்தார்கள். மேடை மியூசிக்கலை முழுசாக நேரலையில் போடுவதை அந்த ஊர்ச் சேனல்கள் கைவிட்டு அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. 'பீட்டர் பான்', 'தி விஸ்', 'கிரீஸ்', 'ஹேர்ஸ்ப்ரே', 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்', 'ரென்ட்', 'ஆனி' என்று வரிசையாக வந்தன.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சரக்கு போலத் தெரியும். உள்ளே போனால் மூன்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. பார்வையாளர் இல்லாத ஸ்டூடியோவில் செட் போட்டு நடிப்பது ஒன்று. பார்வையாளர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, கேமராவோடு படப்பிடிப்பு வளாகம் முழுக்க ஓடுவது இன்னொன்று. கதைச் செட்டையெல்லாம் குறைத்துக்கொண்டு கச்சேரியாகவே நடத்துவது மூன்றாவது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவதுதான் தேறியது, இரண்டாவது மயிரிழையில் பின்தங்கியது. முதலாவதில் நல்ல குரல்கள் இருந்தும் மூச்சு முட்டியது. ஏன் என்பதற்கு விடை பெரும்பாலும் நடிகர்களிடம் இல்லை, வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன எதிர்பார்த்து டிவியைப் போட்டார்கள் என்பதில் இருக்கிறது.

பழைய காலத்தை ஒரு எட்டு பார்த்துவிடலாம். 1955 மார்ச் 7 அன்று இதே என்.பி.சி.யில் மேரி மார்ட்டின் பீட்டர் பானாகப் பறந்தார். சுமார் ஆறரைக் கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. அந்த நாடகம் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் ஓட்டம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. குழு மொத்தமும் மாதக்கணக்கில் தினம் தினம் நடித்துப் பழகிய சூட்டோடு ஸ்டூடியோவுக்கு வந்தது. 1957 மார்ச் 31 அன்று சி.பி.எஸ். சேனலில் ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த 'சிண்ட்ரெல்லா'வை பத்துக் கோடிக்கு மேல் பார்த்தார்கள். இசையமைப்பாளர் ரோட்ஜர்ஸும் பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைனும் தொலைக்காட்சிக்கென்றே எழுதிய மியூசிக்கல் அது. அன்றைய பார்வையாளரின் எதிர்பார்ப்பு எளிமையானது: நியூயார்க்குக்கு ரயில் ஏறாமல், டிக்கெட் வாங்காமல், பிராட்வேயைக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிடைத்ததே பெரிது என்ற மனநிலை.

2013-இல் உட்கார்ந்தவரின் மனநிலை இதற்கு நேர் எதிர். அவருக்கு எல்லாம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. 1965-இல் வந்த திரைப்படத்தை அவர் சிறுவயதிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறார். ஆல்ப்ஸ் மலையும் சால்ஸ்பர்க் தெருக்களும் மனதில் அப்படியே பதிந்திருக்கின்றன. கன்னியாஸ்திரீ மடத்திலிருந்து குழந்தைகளைக் கவனிக்க வரும் நாயகி மரியா என்றால் அவருக்கு ஜூலி ஆண்ட்ரூஸ்தான். 1959-இல் பிராட்வேயில் முதல் மரியாவாக நடித்தவர் அதே மேரி மார்ட்டின் என்பது பலருக்கும் நினைவில்லை.

சரி, இந்தப் பார்வையாளரிடம் என்.பி.சி. எதைக் கொண்டுவந்தது? படத்தை அல்ல, மேடை நாடகத்தின் பிரதியை. இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. படத்தில் இடிமழை இரவில் குழந்தைகளைச் சமாதானப்படுத்த மரியா தனக்குப் பிடித்த பொருள்களை அடுக்கிப் பாடுவாரே, அந்தப் பாட்டு நாடகத்தில் மடத்திலேயே வந்துவிடும், தலைமைக் கன்னியாஸ்திரீயோடு சேர்ந்து. இடிமழை இரவில் வருவது ஆட்டிடையன் பாட்டு. படத்தில் பொம்மலாட்டத்தோடு வந்ததே, அது. குழந்தைகளின் அப்பாவான கேப்டனை மணக்கவிருக்கும் எல்சாவும் நண்பர் மாக்ஸும் பாடும் இரண்டு பாட்டுகளைப் படம் வெட்டிவிட்டது. நேரலையில் அவை திரும்ப வந்தன. எனக்கு அது மிகவும் பிடித்தது. நாஜிகள் வரும்போது வளைந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அந்த இருவரும் பாடுவதைக் கேட்டால்தான் எல்சாவும் கேப்டனும் ஏன் பிரிகிறார்கள் என்பது புரியும். படத்தில் அது வெறும் காதல் பொறாமையாகச் சுருங்கிவிட்டது. ஆனால் மூலத்துக்கு உண்மையாக இருந்த இந்த இடங்களே, படத்தை மனதில் வைத்திருந்தவர்களுக்குத் 'தப்பாக' தெரிந்தன. படத்துக்காக எழுதப்பட்ட ஒரு காதல் பாட்டை மட்டும் இவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அதோடு, மேடைக்கும் படத்துக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்று யாருக்கும் தெளிவில்லாமல் போனது.

மரியாவாக வந்தவர் கன்ட்ரி இசை நட்சத்திரம் கேரி அண்டர்வுட். குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வசனம் பேசும்போதுதான் விறைப்பு வந்துவிட்டது. மேடையில் நடித்த அனுபவம் அவருக்குக் கிடையாது. அவரைச் சுற்றி ஆட்ரா மெக்டொனால்ட், லாரா பெனான்டி, கிறிஸ்டியன் போர்லே என்று பிராட்வேயில் ஊறிய ஆட்களை நிறுத்தினார்கள். மடத்தலைவியாக மெக்டொனால்ட் மலை ஏறச் சொல்லிப் பாடிய அந்தச் சில நிமிடங்கள் இந்த வகை நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் உச்சங்களில் ஒன்று. ஆனால் பக்கத்தில் அப்படி ஒருவர் நின்றால் நாயகியின் அனுபவக்குறைவு இன்னும் பளிச்சென்று தெரியத்தானே செய்யும்? பிரிட்டனின் ஐ.டி.வி. 2015 டிசம்பர் 20 அன்று இதே நாடகத்தை நேரலையாகப் போட்டபோது பாப் நட்சத்திரத்தைத் தேடாமல் காரா டாயின்டன் என்ற நடிகையை மரியா ஆக்கியது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நடிப்பைவிடப் பெரிய குறை வேறொன்று: நியூயார்க் லாங் ஐலண்டில் இருந்த அந்த ஸ்டூடியோவில் பார்வையாளர்களே இல்லை. மேடை மியூசிக்கல் பாட்டின் கட்டுமானத்திலேயே கைதட்டலுக்கு இடம் விட்டிருப்பார்கள். கடைசி ஸ்வரத்தை ஏற்றி நிறுத்தி, கையை உயர்த்தி, அரங்கு ஆர்ப்பரிக்க ஐந்தாறு விநாடி. அந்த ஐந்தாறு விநாடியில்தான் நடிகரும் மூச்சு வாங்குவார், நாமும் அடுத்த காட்சிக்குத் தயாராவோம். இங்கே ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் அமைதி, உடனே வசனம். ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டதுபோல ஒரு உணர்வு. ட்விட்டரில் அன்றிரவு ஓடிய கேலியில் பாதி இந்த அமைதி தந்த சங்கடத்திலிருந்து பிறந்தது என்பது என் ஊகம். மறு ஆண்டு 'பீட்டர் பா'னையும் என்.பி.சி. இதே பாணியில் ஆளில்லாமல் நடத்தியது. எண்ணிக்கை சுமார் 92 லட்சமாகப் பாதியாய் விழுந்தது.

அப்புறம் வந்தது ஃபாக்ஸ் சேனலின் 'கிரீஸ்'. 2016 ஜனவரி 31. கலிஃபோர்னியாவின் பர்பாங்கில் உள்ள வார்னர் பிரதர்ஸ் வளாகம். மேடைக்கு தாமஸ் கெய்ல், நேரலைக் கேமராவுக்கு அலெக்ஸ் ரட்ஜின்ஸ்கி என்று இரண்டு இயக்குநர்கள். அன்றைக்கு என்று பார்த்து மழை. பாடகி ஜெஸ்ஸி ஜே தொடக்கப் பாட்டைப் பாடிக்கொண்டே திரைமறைவுப் பகுதிகளைக் கடந்து வெளியே வர, குடைகளோடு கூட்டம் ஆடியது. மழையை மறைக்க யாரும் முயலவில்லை. இது இப்போது நடக்கிறது, இந்த நொடியில் நடக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எதிர்பார்ப்பைக் கையாண்ட விதத்திலும் 'கிரீஸ்' புத்திசாலித்தனமாக இருந்தது. 1971-இல் சிகாகோவில் பிறந்த மேடை நாடகத்துக்கும் 1978 படத்துக்கும் நடுவே எதைப் பிடித்துக்கொள்வது என்ற கேள்வி இவர்களுக்கும் இருந்தது. தயங்காமல் படத்தின் பக்கம் போனார்கள். படத்துக்காக எழுதப்பட்டு ஊரெல்லாம் மனப்பாடமான பாட்டுகள் இடம்பெற்றன. படத்தில் ஃப்ரெஞ்சியாக நடித்த டிடி கானைக் கூட்டிவந்து உணவக ஊழியர் வேடம் தந்தார்கள். பார்ப்பவரின் ஞாபகத்துக்கு இப்படி மரியாதை செய்துவிட்டு, படத்தால் செய்ய முடியாத ஒன்றைச் செய்தார்கள்: வேலை நடப்பதைக் காட்டினார்கள். பைஜாமா அணிந்த பெண்கள் படுக்கையறையில் பாடத் தொடங்கிய பாட்டு, வெட்டே இல்லாமல் சில நொடிகளில் போர்வீரர்கள் முன்னால் நடக்கும் மேடை நிகழ்ச்சியாக மாறியது. உடைமாற்றம் கண்முன்னால் நடந்தது. படத்தில் இதை ஒரு கத்தரிப்பில் முடித்துவிடுவார்கள், யாரும் வியக்க மாட்டார்கள்.

பார்வையாளர்களும் செட்டுக்குள்ளேயே இருந்தார்கள், பள்ளி ஜிம்மில் நடக்கும் நடனப் போட்டிக்குக் கூச்சல் போடும் மாணவர்களாக. கைதட்டல் கதையின் பகுதியாகிவிட்டது. ரிஸோவாக நடித்த வனெஸா ஹட்ஜன்ஸின் தந்தை முந்தின இரவுதான் இறந்திருந்தார். அது தெரிந்து அவருடைய தனிப்பாட்டைப் பார்ப்பவருக்குக் கதாபாத்திரத்தையும் மனுஷியையும் பிரித்துப் பார்ப்பது கடினம். மொத்தம் 1 கோடியே 22 லட்சம் பேர் பார்த்தார்கள், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் கிடைத்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதை ஏன் முதலிடத்தில் வைக்கவில்லை? மறுநாள் நினைவில் நிற்பது கேமராவின் ஓட்டம். கதையின் காதல் ஜோடியான டேனியும் சாண்டியும் அல்ல. டேனியாக வந்த ஆரன் ட்வெய்ட் மேடை அனுபவமுள்ள நல்ல பாடகர்தான், சாண்டியாக வந்த ஜூலியன் ஹஃப் அருமையாக ஆடுபவர்தான். ஆனால் நாம் இவர்களைப் பார்த்துக்கொண்டே படத்தின் பழைய ஜோடியைத்தான் கேட்கிறோம். படத்தின் பக்கம் சாய்ந்ததற்கு அது கொடுத்த விலை.

2018 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. என்.பி.சி. இந்த முறை தன் பழைய பாணியை முழுசாகக் கைவிட்டது. புரூக்ளினில் உள்ள பழைய ராணுவக் கட்டடம் ஒன்றின் பிரம்மாண்டமான கூடத்தில் சாரங்கள் கட்டி, இசைக்கலைஞர்களைக் கண்ணுக்குத் தெரியும்படி உட்காரவைத்து, மேடையை ஒட்டியே ரசிகர்களை நிற்கவைத்து 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டா'ரைக் கச்சேரியாக நடத்தியது. இந்தப் படைப்புக்கு அது வெளியிலிருந்து ஒட்டவைத்த உத்தி அல்ல. ஆண்ட்ரூ லாயிட் வெப்பரும் டிம் ரைஸும் இதை 1970-இல் முதலில் இசைத்தட்டாகத்தான் வெளியிட்டார்கள், மேடை அதற்குப் பிறகு வந்தது. வசனம் கிடையாது, முழுக்கப் பாட்டு. 1973-இல் படம் வந்தது உண்மை. என்றாலும் பெரும்பாலோர் மனதில் இருப்பது ஒலி, காட்சி அல்ல. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க மலையும் இல்லை, பழைய ஜோடியும் இல்லை. குரலைத்தான் ஒப்பிட வேண்டும்.

குரல் ஒப்பீட்டில், இயேசுவாக வந்த பாடகர் ஜான் லெஜண்ட் முழு மதிப்பெண் வாங்கவில்லை. கெத்செமனே தோட்டத்துப் பாட்டு ராக் பாடகர் ஒருவர் தொண்டை கிழியக் கத்தவேண்டிய இடம். லெஜண்டின் மென்மையான சோல் குரல் அங்கே எட்டிப் பிடிக்கத் தவித்தது. ஆனால் யூதாஸாக வந்த பிராண்டன் விக்டர் டிக்சன்! பிராட்வேயில் 'ஹாமில்டன்' நாடகத்தில் ஆரன் பர் வேடம் போட்டவர். அவர் பாடத் தொடங்கியதும் கதை யாருடையது என்பதே மாறிவிடுகிறது. மரியா மகதலேனாவாக சாரா பரெல்லஸ் ஆரவாரமே இல்லாமல் பாடிய விதமும் அப்படித்தான். ஏரோதுவுக்கு ஆலிஸ் கூப்பர், வந்தார், ஒரே பாட்டு, கூடத்தைக் கலக்கிவிட்டுப் போய்விட்டார். பிரபலத்தைச் சின்ன வேடத்தில் வைத்து, கனமான வேடத்தை மேடை ஆளிடம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்த ஜோடியே போதும். 2013-இல் இதைத் தலைகீழாகச் செய்தார்கள்.

ரசிகர்களின் கூச்சல் பல இடங்களில் வரிகளை விழுங்கியது என்ற குறை நியாயமானது. கதை தெரியாதவர் சில இடங்களில் தவறவிட்டிருப்பார். ஆனால் அந்தக் கூச்சலுக்கு உள்ளே ஒரு பொருத்தம் இருக்கிறது: தலைவனைக் கொண்டாடும் கூட்டமே அவனைக் கைவிடும் கதை இது. கைநீட்டி லெஜண்டைத் தொட முண்டியடித்த அந்த ரசிகர்கள் தங்களை அறியாமலே நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் பின்சுவர் சிலுவை வடிவில் பிளந்து, ஒளிக்குள் லெஜண்ட் பின்வாங்கிப் போன காட்சிக்கு எந்தத் திரைப்படமும் முன்மாதிரி இல்லை. அந்த ஆண்டு எம்மி விருதோடு வெப்பர், ரைஸ், லெஜண்ட் மூவரும் எம்மி, இசைக்கான கிராமி, ஆஸ்கர், நாடகத்துக்கான டோனி நான்கையும் வைத்திருப்போர் வரிசையில் ஒரே இரவில் சேர்ந்தார்கள்.

இந்த இடத்தில் 'ரென்ட்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2019 ஜனவரி 27 அன்று ஃபாக்ஸில் வரவேண்டியது. முந்தின நாள் ஒத்திகையில் ரோஜராக நடித்த பிரெனின் ஹன்ட் கால் எலும்பை முறித்துக்கொண்டார். பதிலுக்கு நடிக்க ஆள் தயார் செய்து வைத்திருக்கவில்லை. பிராட்வேயில் எந்த நாடகமும் இப்படிச் செய்யாது. பெரிய வேடம் ஒவ்வொன்றுக்கும் மாற்று நடிகர் உடையோடு காத்திருப்பார். விளைவு, 'நேரலை' என்று விளம்பரம் செய்த நிகழ்ச்சியில் பெரும்பகுதி ஒத்திகைப் பதிவு. கடைசிப் பகுதி மட்டும் நேரலை, ஹன்ட் காலில் கட்டோடு. பார்த்தவர்கள் சுமார் 34 லட்சம். மனசு வலிப்பது இதற்குத்தான்: ஸ்டூடியோவுக்கு வந்திருந்தவர்களுக்கு அன்றிரவு ஹன்டையும் உட்காரவைத்துக் கச்சேரி பாணியில் முழுசாகவே பாடிக்காட்டினார்கள். அதை அப்படியே ஒளிபரப்பியிருக்கலாம். உடைந்த காலோடு உட்கார்ந்து பாடுவதைவிட நேரலை வேறு என்ன?

இந்தியாவில் இருக்கும் நம்மைப் போன்றவர்கள் இவற்றைப் பார்ப்பதென்றால் பதிவாகத்தான் பார்க்கிறோம். சொல்லப்போனால் அமெரிக்காவின் மேற்குக் கரை வீடுகளிலும் இவை சில மணி நேரம் தள்ளித்தான் ஓடின. நேரலை என்ற பரபரப்பு போன பிறகும் எது நிற்கிறது என்று பார்க்க அது வசதியான இடம். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் மெக்டொனால்டின் பாட்டையும் எல்சா, மாக்ஸ் பாட்டுகளையும் மட்டும் தேடிப் பார்த்தால் போதும். சினிமாவை விரும்புபவர்கள், குறிப்பாக ஒளிப்பதிவில் ஆர்வமுள்ளவர்கள், 'கிரீஸை' முழுசாகப் பார்க்கலாம். 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டா'ரை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல ஹெட்ஃபோனோடு, விளம்பர இடைவெளி இல்லாத பதிப்பில் பாருங்கள். கூச்சலுக்கு அடியில் டிக்சன் ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு தெளிவாக உச்சரிக்கிறார் என்பது அப்போது கேட்கும்.