வில்லியம் கிரீக் ஏர்ஸ்ட்ரிப்: ஏர்போர்ட்னு நெனச்சு போயிடாதீங்க

ஏர் ஏரிங்கற (Lake Eyre) உப்பு ஏரிய மேல இருந்து பாக்க குட்டி விமானம் ஏறற எடம் இது. வில்லியம் கிரீக், தெற்கு ஆஸ்திரேலியால ஊட்னடாட்டா டிராக்ங்கற பாதைல இருக்கற குட்டி ஊரு, கூபர் பெடிங்கற ஊர்ல இருந்து சுமார் 166 கிமீ, மண் ரோடு. டெர்மினல், செக்-இன், ஏசி எல்லாம் கேக்கவே கேக்காதீங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டற துணிக்குழாய் ஒண்ணு ஆடிட்டு இருக்கும், குட்டி குட்டி செஸ்னா விமானம் நிக்கும், அவ்ளோதான். பக்கத்துல இருக்கற பழைய பப்தான் நமக்கு வெயிட்டிங் ஹால், கேன்டீன், ரூம் எல்லாமே.

வெயில் நேரத்துல அந்த செம்மண்ணுல நின்னா ஈ மொய்க்கும் பாருங்க, வாயத் தொறக்க முடியாது, மூக்குல கண்ணுலன்னு புகுந்துடும், அதனால மூஞ்சிய மூடற வலை வச்ச தொப்பி கண்டிப்பா எடுத்துட்டு போங்க, ஸ்டைல் எல்லாம் யாரு பாக்கப் போறா அங்க. பெரிய சூட்கேஸ் வேணாம், சின்ன விமானத்துல மடங்கற பைதான் நுழையும், நம்ம வெயிட்டயும் கேப்பாங்க, கூச்சப்பட்டு கொறச்சு சொல்லாதீங்க. உள்ள டாய்லெட் கெடையாது, ஏறறதுக்கு முன்னாடியே முடிச்சுக்கோங்க.

ஆனா மேல போனதும் ஏர் ஏரி தெரியும்ல, அந்த நாட்டுலயே தாழ்வான இடம், கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழ, உப்பு வெள்ளையா விரிஞ்சு கெடக்கு, ஓரத்துல மட்டும் லேசா ரோஸ் கலர். வசதிக்கு ஒரு ஸ்டார், இதுக்கு அஞ்சு. மதியம் விமானம் ரொம்ப குலுங்கும், வாந்தி வர்றவங்க காலைல போற ஃப்ளைட்டா பாத்து புக் பண்ணுங்க.