மேற்குத் தாம்பரத்தில் முதல் வீடு: தரகரின் சேவை எப்படி?
மறுவிற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடு ஒன்றை, மேற்குத் தாம்பரத்தில் நெடுங்காலமாகத் தொழில் செய்துவரும் ஒரு தரகர் மூலம் வாங்கினோம். எங்களுக்கு இது முதல் வீடு. விற்பவரிடம் ஒரு சதவீதம், எங்களிடம் ஒரு சதவீதம் என்பது அவருடைய கமிஷன். ஊர் தெரிந்தவர் என்ற வகையில் அந்தத் தொகை அவருக்குத் தகும். பத்திரம் பார்ப்பவர் என்ற வகையில் தகாது.

2015 டிசம்பரில் அருகிலுள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் புகுந்தது ஊரறிந்த செய்தி என்றாலும், எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. விலை மலிவாக வந்த ஒரு தரைத்தள வீட்டில் நாங்கள் சமையலறை டைல்ஸைப் பார்த்து மயங்கி நின்றபோது, அவர் எங்களை வெளியே அழைத்துச் சென்று, மோட்டார் அறைச் சுவரில் புதுப் பெயின்ட்டையும் மீறி இடுப்பளவில் தெரிந்த கறையைக் காட்டினார். அந்த வீட்டை எங்கள் தலையில் கட்டியிருந்தாலும் அவருக்குக் கமிஷன் வந்திருக்கும். பின்னர் நாங்கள் வாங்கிய வீட்டிலும், 1,050 சதுர அடி என்று சொல்லப்பட்டதில் சுவருக்குள் புழங்கும் இடம் 800 சதுர அடிகூட இல்லை என்பதை டேப் பிடித்து அளந்து காட்டி, அதை வைத்தே விலையைக் குறைத்துப் பேசினார்.

ஆவணங்கள் என்று வந்தபோது அந்த நிதானம் காணாமல் போயிற்று. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 2011 முதல் மட்டும் எடுத்துக் கொடுத்து, "எல்லாம் க்ளியர் சார்" என்றார். வேறொரு பார்ட்டி தயாராக இருப்பதாகக் கூறி, ஒப்பந்தம் எழுதும் முன்பே டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கவும் நெருக்கினார். நாங்கள் தனியே அமர்த்திய வழக்கறிஞர் முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் பார்த்தபோது, முந்தைய உரிமையாளர் 2004-இல் வங்கியில் வைத்த அடமானத்துக்கு, கடன் அடைந்ததைக் காட்டும் ரசீதுப் பத்திரம் பதிவாகாமலே இருந்தது தெரியவந்தது. கடன் எப்போதோ அடைந்துவிட்டது என்றாலும், அந்த ரசீது பதிவாகும்வரை எங்கள் வங்கி கடன் தொகையை விடுவிக்க மறுத்துவிட்டது.

வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படி, பதிவு பெற்ற புதிய திட்டங்களில் வீடு விற்கும் முகவர் தாமும் பதிவு செய்திருக்க வேண்டும். பழைய வீடுகளின் மறுவிற்பனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால், இத்தகைய தரகரிடம் எதையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

செலவுக் கணக்கில் அவர் ஒளிவுமறைவு வைக்கவில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதோடு, ஆவண எழுத்தர் கூலி வரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். கமிஷனில் பாதியைச் சாவி கைக்கு வந்த பிறகு தருகிறோம் என்றதற்கும் முகம் சுளிக்கவில்லை. மின் இணைப்பின் பெயர் மாற்றத்தையும் அவரே முடித்துத் தந்தார். சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கு மட்டும் மாநகராட்சி அலுவலகத்துக்கு நாங்களே அலைய நேர்ந்தது. அது தம் வேலையில் சேராது என்பதை அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.